குதிகால் சத்தம்

அன்பு மகள் யுன்ஷுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் இரண்டு அறை வீட்டில் நான் போனில் முணுமுணுத்தால்கூட உன் அப்பாவுக்குக் கேட்டுவிடும். அவருக்கு மூச்சுதான் கெட்டது, காது கெடவில்லை. வினிகர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, கடைக்காரரிடம் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, ஜாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெரு நாட்டு வேலைக்கு இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறாயாம். அப்பா சொன்னார். மூன்று வருஷம். வசந்த காலத்தில் நீ ஒரு நிபந்தனை போட்டாய். "அப்பா தினமும் எட்டுப்பட்டு மூச்சுப் பயிற்சி செஞ்சு வீடியோ அனுப்பணும். அதப் பாத்தாத்தான் நான் கடல் தாண்டுவேன்" என்றாய். அவரும் அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் அனுப்புகிறார். அந்த வீடியோக்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நர்ஸ் டிங் இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தபோதே எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயுள் முழுக்க நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல். கையைத் தூக்கி வானத்தைத் தாங்குவதுபோல் நின்றால் சரியாகிவிடுமா? ஆனால் பொய் சொல்லக் கூடாது, கோடையில் அவர் வாசல் கேட் வரை போய் நடுவில் உட்காராமல் திரும்பி வந்தார். இருமலும் குறைந்தது. நான் இதை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் மனிதர் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

இலையுதிர் காலத்தில்தான் சந்தேகம் வந்தது. ஒரு நாள் துவைக்கிற கூடையைப் பார்த்தால் அவருடைய சட்டைகள் அத்தனையும் கிடக்கின்றன. அறுபதாம் பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த நீலச் சட்டைகூட. ஒரே சட்டையை அது தானாக எழுந்து நிற்கும் வரை போடுகிற மனிதர்! என்ன இது என்றால், "எல்லாம் இன்னும் அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாத்தேன்" என்கிறார். அதே வாரம் நான் சந்தையிலிருந்து திரும்பும்போது, பக்கத்து வீட்டு மெய்ஜென் நம் கொல்லையிலிருந்து வெளியே வந்தாள். முற்றத்தில் எல்லோருக்கும் பயிற்சி நடத்துகிறாளே, உதட்டுச் சாயம் போட்ட விதவை, அவள்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வயதில் இது வேறா? அன்று அவருடைய கஞ்சியில் உப்பு கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

பனி தொடங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்ய ஆரம்பித்தார். குளிர் உள்ளே வருகிறதாம். எட்டாவது அசைவு உனக்குத் தெரியும், நுனிக்காலில் நின்று குதிகாலைத் தொப்பென்று தரையில் போடுவது. அவர் போட்டால் அலமாரியில் இருக்கும் கோப்பை மூடிகள் எல்லாம் கிணுகிணுக்கும். இப்போது பாட்டு கேட்கிறது, பாட்டு முடிகிறது, ஒரு மூடியும் அசையவில்லை. உள்ளே உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாரோ என்று தலையணையை மோந்து பார்த்தேன். கோட்டுப் பையைக் கவிழ்த்தேன். அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறினேன். ஒன்றும் இல்லை. நேராகவே கேட்டேன். "குதிகால மெதுவா எறக்கணும்னு டிங் பொண்ணு சொல்லிச்சு" என்றார். கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது.

போன வாரம் கரி எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் அடியில் கணப்பு எரியும் செங்கல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க. உதடு நீலம் பாரித்திருந்தது. தலையணையில் சாய்த்து வைத்த போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உனக்கு அனுப்பப் போகிற வீடியோ. அதில் அவர் நீலச் சட்டையோடு கொல்லையில் நிமிர்ந்து நின்று வானத்தைத் தாங்குகிறார். பின்னால் சீமைப்பனிச்சை மரம் இலையும் பழமுமாக நிற்கிறது. நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே அதே மரம் மொட்டையாக, கிளை முழுக்கப் பனியோடு நின்றது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "கதவச் சாத்து, குளுருது" என்றார். அவ்வளவுதான்.

நேராக மெய்ஜென் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் அழுதுவிட்டாள். "அக்கா, என்ன எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அண்ணன் கெஞ்சினாரு. ஒடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்து வச்சுக்கணும், குளிரு வந்தா நம்மால ஆவாதுன்னாரு. ஒவ்வொரு தடவையும் உள்ள போயி சட்டைய மாத்திட்டு வந்து நிப்பாரு. ஒண்ணு முடிஞ்சா ஒக்காந்துக்குவாரு. மூச்சு வந்ததும், அடுத்தது எடு தங்கச்சிம்பாரு. கொறயே தெரியக் கூடாதுன்னு திருப்பித் திருப்பி எடுத்தோம்" என்றாள். அவள் மேலிருந்த கோபம் அவர்மேல் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அங்கேயும் நிற்கவில்லை. அவள் தன் ஸ்வெட்டர் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அதே வீடியோக்கள்தான் ஆஸ்பத்திரியின் போன் குழுவுக்கும் போயிருக்கின்றன. டிங்கும் தினமும் கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருக்கிறாள். நான் போய்ச் சொன்னதும் ஓடி வந்தாள். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தவள் முகம் சுருங்கிவிட்டது. "ஐயா, மூச்சு முட்டினா நிறுத்திட்டு ஒடனே சொல்லணும்னுதானே சொன்னேன். செய்ய முடியலன்னா அதுவும் ஒரு தகவல்தானே ஐயா" என்று கிட்டத்தட்ட அழுதாள். உடனே சேர்க்க வேண்டும், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உன் அப்பா அசையவில்லை. "இப்ப நான் ஆஸ்பத்திரியில படுத்தா அவ போவ மாட்டா. நான் மண்ணுக்கு அடியிலயே வாழ்ந்து முடிச்சிட்டேன். அவ ஒலகத்தப் பாக்கட்டும். அவ பிளேன் ஏறின மறுநிமிஷம் எங்க வேணாலும் இழுத்துட்டுப் போ" என்கிறார். இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார் என்று நினைக்காதே. நான் கரி போட்டு, தண்ணீர் கொதித்து, தேநீர் ஆறும் வரை சொன்னார். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றுதான் செய்தேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது மகளே. அது உன்மேல். கோபித்துக்கொள்ளாதே. நூடுல்ஸில் வேறு கடை வினிகர் ஊற்றினால் வாயில் வைக்குமுன் கண்டுபிடிக்கிறவள் நீ. பனி கொட்டுகிற மாதத்தில் பழத்தோடு நிற்கிற மரம் உன் கண்ணில் படவில்லையா? பட்டும் கேட்கப் பயந்துகொண்டு இருந்தாயா? இருந்திருந்தால் அதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. நானும் இத்தனை நாள் அதைத் திறக்காமல்தான் இருந்தேன்.

பெருவுக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை வா. குளிர்காலத்தின் நீண்ட இரவுப் பண்டிகைக்கு ஆட்டுக்கறியும் கேரட்டும் வைத்துக் கொழுக்கட்டை பிடிக்கிறேன், அதற்காக வந்தேன் என்று சொல். நான் கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார். நீ கோட்டை விரித்துப் பிடித்தால் பேசாமல் கையை நுழைத்துக்கொள்வார், எனக்குத் தெரியும்.

சாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே கண்ணு. நன்றாக இருக்கிறேன் என்று காட்ட எழுந்து நிற்பார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா