பத்தாம் எண் கூண்டு

மரைன் ஹில், போர்ட் பிளேர்.
22 மே, வியாழன்.

அன்புள்ள புஷ்பாவுக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் நலம். வெறுமனே நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் கார் நிக்கோபார் தீவுக்கான லைன் பாதிப் பேச்சில் போய்விடுகிறது. மீதியை நீயே கற்பனை செய்துகொண்டு அழுகிறாய். உன் வார்டு சுகிர்தா சிஸ்டர் லீவு முடிந்து சனிக்கிழமை கப்பலில் திரும்புகிறாராம். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன் என்று நேற்று நீ அனுப்பிய மெசேஜை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. தயவுசெய்து அதைக் கொடுக்காதே. முதலில் நடந்ததை முழுதாகப் படி. அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கீழ்வீட்டு வசந்தகுமாரி அக்காமேல் கோபப்படாதே. நம் குணாவுக்குத் தாடையில் தையல் போட்ட விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் பேசியிருக்கிறார். எட்டு நாள் உன்னிடம் மறைத்தது நான். பயம்தான், வேறென்ன!

மே முதல் வாரம் புயல் செய்தி வந்தது நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னார்கள். கூண்டு என்றால் என்ன என்று ஸ்வேதா என்னைக் குடைந்தெடுத்தாள். நம்பர் ஏற ஏற ஆபத்து அதிகம் என்று சொல்லிக்கொடுத்தேன். சொன்ன வாயோடு எனக்கு ஒரு மகா யோசனையும் வந்தது. அப்போதுதான் ஸ்கூல் லீவு விட்டிருந்தார்கள். எனக்கோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு நாற்பது இன்சூரன்ஸ் ஃபைல் பார்த்தாக வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டில் ஒன்று கதவைத் தட்டும். அதனால் வெங்காயக் கூடையை எடுத்து என் அறைக் கதவில் மாட்டி, அட்டையில் நம்பர் எழுதித் தொங்கவிட்டேன். ஒன்று என்றால் உள்ளே வரலாம். மூன்று என்றால் ரகசியக் குரலில் பேசலாம். பத்து என்றால் வீடே மிதந்தாலும் கதவைத் தட்டக்கூடாது.

பிள்ளைகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நாள் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. பிள்ளை வளர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வெங்காயம் தரையில் உருண்டது மட்டும்தான் குறை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பெரிய மீட்டிங். ஜூலையில் எனக்கு டீம் லீடர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, அதற்கான மீட்டிங். பத்தைத் தொங்கவிட்டு, போனையும் சைலண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வெளியே நல்ல மழை. குணா பின்படிக்கட்டில் காகிதக் கப்பல் விடப் போயிருக்கிறான். படியில் இருந்த பாசி வழுக்கி விழுந்து தாடை கிழிந்துவிட்டது. ஸ்வேதா ஓடி வந்து என் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். கூடையைப் பார்த்திருக்கிறாள். தட்டவில்லை, புஷ்பா. துண்டை எடுத்து அவன் தாடையில் அழுத்திப் பிடித்து, அந்த மழையில் கீழ்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நான்கு தையல் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார். எனக்கு அவர் ஆறு தடவை போன் செய்திருக்கிறார். ஆறு தடவையும் நான் சிரித்த முகமாகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால் வீட்டில் யாரும் இல்லை. தரையில் ரத்தம். அந்தப் பத்து நிமிஷத்தை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

அவர்கள் திரும்பி வந்ததும் ஸ்வேதாவைப் பிடித்துக் கத்தினேன். ஏண்டி என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். பத்து போட்டிருந்தீங்களே அப்பா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழக்கூட இல்லை. குணாதான் கட்டுப் போட்ட தாடையோடு, தர்த் நஹீ ஹை அப்பா, வலிக்கவே இல்ல, நீங்க அழாதீங்க என்று என் காலைக் கட்டிக்கொண்டான்.

நீ அங்கே போனதால் இது நடந்தது என்று உன் மெசேஜில் எழுதியிருக்கிறாய். சுத்தப் பைத்தியக்காரத்தனம். உன்னிடமிருந்து குணா ஒரு கடல் தள்ளி இருக்கிறான். என்னிடமிருந்து ஒரு கதவு தள்ளித்தான் இருந்தான். அந்தக் கதவைப் பிள்ளைகள் தட்ட முடியாமல் செய்தது நான். என் தப்புக்கு நீ ஏன் ராஜினாமா எழுதுகிறாய்?

மறுநாளே எங்கள் மேனேஜர் ஷீலா மேடத்துக்கு போன் செய்தேன். பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், நாற்பது ஃபைல் என்னால் ஆகாது என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். காலை ஆறு முதல் பத்து வரை, அப்புறம் மதியம் இரண்டு முதல் ஆறு வரை வேலை செய்கிறேன், நடுவில் என்னைத் தேடாதீர்கள், காமிராவையும் எப்போதும் போட்டு வைக்க முடியாது என்றேன். இத்தனை நாள் முடியும் முடியும் என்று நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் ராஜவேல், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயம்தானே? இருபத்தெட்டு ஃபைலுக்கு ஒத்துக்கொண்டார். டீம் லீடர் பதவி மதுரைக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. கொஞ்சம் வலித்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போது மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அந்த வலி பரவாயில்லை.

வெங்காயம் மறுபடி கூடைக்குள் போய்விட்டது. பத்து என்ற அட்டையைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதில் நீ பூ வாங்கி வைக்கிற சின்னச் சிவப்புக் கூடையை அவர்கள் கையில் கொடுத்தேன். அதை என் கதவில் மாட்டிவிட்டுத் தட்டினால், எந்த மீட்டிங்காக இருந்தாலும் நான் எழுந்து வரவேண்டும். இது எனக்கு அவர்கள் போட்ட சட்டம். முதல் நாள் குணா பதினோரு தடவை மாட்டினான். ஒரு தடவை சர்க்கரை டப்பாவில் எறும்பு. ஒரு தடவை நான் உண்மையிலேயே வருகிறேனா என்று பார்ப்பதற்கு. பதினோரு தடவையும் போனேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு, மூன்றுதான்.

ஸ்வேதா மட்டும் ஒரு தடவைகூட மாட்டவில்லை. எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று மத்தியானம் கூடை மாட்டியிருந்தது, திறந்தால் அவள் நிற்கிறாள். ஒன்றும் வேண்டாம் அப்பா, சும்மாதான் என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டு அவளோடு ஜன்னலில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அழுதாள், பாவம். நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

குணாவுக்குத் திங்கட்கிழமை தையல் பிரித்தாயிற்று. சின்னத் தழும்புதான். உன்னிடம் காட்டவேண்டும் என்று தினமும் கண்ணாடி பார்க்கிறான். பின்படிப் பாசியை நானே தேய்த்துக் கழுவினேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது.

கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்து உன்னைப் படிக்க வைத்தார் உன் அப்பா. எட்டு வருஷம் கான்ட்ராக்டில் காத்திருந்து கிடைத்த நர்ஸ் வேலை இது. மார்ச்சில் அங்கே உன் பணிக்காலம் முடிகிறது, நீயே போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்துவிடுவாய். அதுவரை வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். முன்பும் இதையேதான் சொன்னேன், ஆனால் அப்போது எனக்கு வீடு பார்க்கத் தெரியாது.

நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உன் தலையணையில் இப்போது குணா படுக்கிறான், அதற்கும் எங்களுக்குள் சண்டை.

இந்தக் கடிதத்தோடு அந்தச் சிவப்புக் கூடையும் வருகிறது. அம்மாவிடம் மாட்டுவதற்கு ஒன்றும் இல்லையே என்று ஸ்வேதா கேட்டாள். குணா கொடுக்க மாட்டேன் என்று ஒரு மணிநேரம் அடம்பிடித்துவிட்டு, கடைசியில் அவனே கொண்டுவந்து வைத்தான். உன் குவார்ட்டர்ஸ் கதவில் மாட்டிவிடு. நீ மாட்டினால் நாங்கள் எழுந்து வருவோம், சட்டம் அப்படி. ஷீலா மேடத்திடம் பத்து நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். ஸ்கூல் திறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நிக்கோபார் தீவுக்குள் வருவதற்கு அரசாங்க பாஸ் இல்லாமல் எங்களைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், அங்கே வேலை செய்கிற நீ எழுதிக் கேட்டால்தான் அது கிடைக்கும், அது ஒன்றுதான் பாக்கி.

ஆகையால், என் தங்கமே, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போ. அந்த ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு தாள் எடு. என் கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பாஸ் வேண்டும் என்று எழுதிக் கொடு.

உன் வழிபார்த்து, உன்
ராஜவேல்