பத்தொன்பது ஒன்றுகள்

மார்ச் 4
வாலு எங்கள் அறைக் கதவின் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று. வேறு இலக்கமே கிடையாது. "இதை எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது பாட்டி. ஒன்னால முடியும், அதாலயே முடியும், அவ்வளவுதான். பகா எண்." இவ்வளவு நீளமாக இருந்துகொண்டு ஒருத்தருக்கும் மசியாதா! "உன்னை மாதிரியேதான் இருக்கு" என்றேன். கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். என் பேத்தியாக்கும்.

மார்ச் 6
வாலுவுக்கு வெளியூர் போய் மேலே கணக்குப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவள் அப்பன், என் மகன், மசிய மாட்டேன் என்கிறான். "கணக்குப் படிச்சு என்னம்மா பண்ணப் போறா? நம்ம டயர் கடையில உட்காரட்டும்."

மார்ச் 7
இலக்கங்களைக் கூட்டு, கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும். அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொன்னது மறக்குமா? கதவில் இருந்ததை எண்ணினேன். பதினெட்டு. மூன்றால் வகுபடுமே! பெருமை தாங்கவில்லை எனக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன்.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அஞ்சாவது படிச்ச அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. இதுக்கா மூணு வருஷம் காலேஜ்?"

"பத்தொன்பது பாட்டி" என்றாள், மெதுவாக. அவன் காதில் விழவே இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 8
வாலு குளிக்கப் போகும்போது கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு போனாள். துண்டுக்குப் பின்னால் இன்னொரு ஒன்று.

அய்யோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 9
ஏழால் வகுத்தேன். ஒன்று மிஞ்சியது. பதின்மூன்றால் — அதற்கும் ஒன்றுதான். பதினேழுக்குக் காலைப் பொழுது முழுதும் போனது. மீதி ஒன்பது.

"என்ன பாட்டி பண்றே?"

"உன் எண்ணைச் சீண்டிப் பார்க்கிறேன்டி. அசைய மாட்டேங்குது."

சிரித்துவிட்டாள். அப்பாடா. "இப்படி ஒவ்வொண்ணா போனா ஆயுசு பத்தாது. எல்லாத்தாலயும் வகுத்துப் பார்க்காமலே நிரூபிக்க வழி இருக்கு. அதைப் படிக்கத்தானே போகணும்னு சொல்றேன்."

இதை அவள் அப்பனிடம் யார் சொல்வது? கெடுத்தது யார்?

மார்ச் 10
கடைக்கே போய்விட்டேன். வேலையாட்கள் எல்லாம் இருந்தார்கள். "எண்ணினதுல தப்பு என்னோடது. புள்ள சரியாத்தான் சொன்னா" என்றேன்.

"இதைச் சொல்லவாம்மா வெயில்ல நடந்து வந்தே? வீட்டுல சொல்லக் கூடாதா?"

"நீ எல்லார் முன்னாலயும்தானே சிரிச்சே."

டயரைத் தட்டிக்கொண்டே நின்றான்.

மார்ச் 12
மகன் கதவு முன்னால் நின்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். வாலு கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒன்னு மட்டுமே வர்ற மாதிரி இதுக்கடுத்த பகா எண் எது?"

"இருபத்துமூணு ஒன்னு, அப்பா."

"அதுக்கடுத்து?"

"முன்னூத்திப் பதினேழு."

"அம்மாடி! நடுவுல ஒன்னுகூடவா இல்ல? ஏன்?"

"எனக்குத் தெரியலப்பா. படிச்சாத்தான்."

கடைசி ஒன்றின் மேல் விரலை வைத்தான். பிறகு, "ஹாஸ்டல்ல மெத்தை அவங்களே தருவாங்களா, நாம வாங்கணுமா?" என்று கேட்டான்.