எண் போடாத கல்

மேய்ச்சல் மலை
8 ஜூன் 2007

அன்புள்ள பெர்மெத்,

நாங்கள் மேலே வந்து ஐந்து நாளாகிறது. கூடாரம் போட்டாயிற்று. வழியில் ஒரு ஆட்டுக்குட்டிகூடச் சாகவில்லை என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை. இங்கே கைபேசிக்கு உயிர் கிடையாது. ஆகவே இனி கடிதம்தான். பால் லாரி ஓட்டும் குபாத் அண்ணன் வாரம் இரண்டு முறை வருகிறார். நான் எழுத எடுத்த தாள்கட்டைக் கையில் எடை பார்த்துவிட்டு, "யாருக்குடி இவ்வளவு தடியா எழுதற? மாப்பிள்ளைக்கா?" என்றார். "இல்லண்ணே, புவியியல்" என்றேன். "அடப் பாவமே, முடிச்சு வை, அடுத்த தடவை வாங்கிக்கறேன்" என்றார்.

நம் நோட்டு பத்திரமா? செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் அது மாவட்டப் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் பக்கத்தைத் தினம் ஒரு முறை மனதில் பார்த்துக்கொள்கிறேன்: 'சாரிகும் நகரம்: வரலாறும் புவியியலும். எழுதியவர்கள்: சைரகான், பெர்மெத், எட்டாம் வகுப்பு.' பெயர்கள் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து மையில் எழுதுவோம்.

முதல் அத்தியாயம் முடிந்தது: வடக்கே வெயில் பார்த்த மலை, தெற்கே உறையாத ஏரி, நடுவில் நாம். இரண்டாவதும் முடிந்தது: முதலில் குளிர்காலப் பட்டி, அப்புறம் குதிரைப் பண்ணை, அப்புறம் அரசாங்கத்தின் ஓய்வு இல்லம், அப்புறம் நகரம். மூன்றாவது, 'வளரும் ஊர்', உன் வேலை. புதிய விடுதிகளை எண்ணு. ஊகித்து எழுதாதே, நடந்து எண்ணு.

நான்காவது நம் ஆடு. போன அக்டோபரில் உன் கன்றைத் தேடிப் போன இடத்தில் கற்களுக்கு நடுவே, பழங்காலச் செதுக்கலாக நம்மைப் பார்த்து நின்ற மலையாடும், அதன் வயிற்றுக்குக் கீழே நிற்கும் குட்டியும். காட்சிக்கூடத்து ஜிபெக் அக்காவின் பட்டியலில் அந்தக் கல் இல்லை. அவர் வெள்ளை வண்ணத்தில் போடும் எண்ணும் அதன் மேல் இல்லை. போட்டியில் நாம் வாசிக்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறோம். மறக்காதே.

உன்,
சைரகான்

சாரிகும், மேல் தெரு
20 ஜூன் 2007

அன்புச் சைரா,

கோடை விருந்தாளிகளுக்கு என் அறை போயிற்று. வழக்கம்போல நாங்கள் நால்வரும் பின்கட்டுச் சமையலறையில். தம்பியின் கால் என் மூக்கில். அறைக்கு வந்திருப்பவள் அல்மாத்தி நகரத்திலிருந்து ஜானெல். நம் வயதுதான். அவள் அம்மாவுக்கு மூச்சுத் திணறலாம், ஏரிக் காற்று வேண்டுமாம், ஜூலை முடியும்வரை இருப்பார்கள். பிலிம் போடுகிற கேமரா வைத்திருக்கிறாள். மாடு, வேலி, என் அப்பாவின் தொப்பி, எதையும் விடுவதில்லை.

நடந்து எண்ணிவிட்டேன், மகாராணி. மேல் தெருவில் போன வருடம் ஆறு விடுதி, இப்போது பதினொன்று. தாதிர் மாமா கோழிக்கொட்டிலுக்கு வெள்ளையடித்து 'ஏரி தெரியும் அறை' என்று பலகை மாட்டியிருக்கிறார். "கோழி வாடை போகலையே மாமா" என்றேன். "அது இயற்கைக் காத்தும்மா, பட்டணத்துல கிடைக்காது" என்கிறார். நீங்கள் வாடகைக்கு விட்ட உங்கள் வீட்டில் கராகந்தா ஊர் ஆட்கள். உன் ஆப்ரிகாட் மரத்தில் ஈரத் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். கோபப்படாதே.

ஜானெல் நம் நோட்டை ஒரே மூச்சில் படித்தாள். "இதெல்லாம் உன் சிநேகிதி எழுதினதா? புத்தகம் மாதிரி இருக்கே!" என்றாள். ஒரு பிழைதான் கண்டுபிடித்தாள். ஏரியின் ஆழம் நீ எழுதின மாதிரி 702 மீட்டர் இல்லையாம், 668ஆம். அவளே திருத்திவிட்டாள். நல்லவேளை, இல்லையா?

பெர்மெத்

மேய்ச்சல் மலை
27 ஜூன் 2007

பெர்மெத்,

702 என்பது என் அப்பா படித்த பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை நீயும் பார்த்திருக்கிறாய்.

சில விவரங்கள் தேவைப்படுகின்றன. அவள் திருத்தியது மையிலா, பென்சிலிலா? நோட்டைப் படிக்கக் கேட்டது அவளா, கொடுத்தது நீயா? எங்கே உட்கார்ந்து படித்தாள்? இரண்டு பேர் எழுதும் நோட்டில் மூன்றாவது கையெழுத்து வந்தால் போட்டிக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தாயா?

நான் பொறாமைப்படவில்லை. வரலாறு எழுதுகிறவள் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

இங்கே நேற்று ஆலங்கட்டி மழை. நாய்க்குட்டி ஒன்று பிறந்திருக்கிறது. அதற்கு உன் பெயர் வைக்கலாம் என்றிருந்தேன், இப்போது யோசிக்கிறேன்.

சைரகான்

பி.கு. அவளிடம் கேமரா இருப்பதால் சொல்கிறேன். ஆட்டைப் பற்றி வாய் திறக்காதே.

பி.கு. 2. அவள் கூந்தல் நீளமா?

சாரிகும்
14 ஜூலை 2007

சைரா,

மையில்தான். கொடுத்தது நான். படித்தது படகுத்துறையில். கூந்தல் தோள் வரை. போதுமா?

நீ புதன்கிழமை உப்பும் மாவும் வாங்க ஊருக்கு வந்தாயாம், குபாத் அண்ணன் சொன்னார். அம்மா அன்றைக்குப் போர்சோக் பலகாரம் பொரித்திருந்தாள். வாசல்வரை வந்து எட்டிப் பார்க்கக்கூடவா நேரமில்லை? "சண்டையாடி ரெண்டு பேருக்கும்?" என்று அம்மா கேட்கிறாள். என்ன சொல்ல?

இப்போது முக்கியமான விஷயம். அப்பா எட்டு அறையோடு புதுக் கட்டடம் கட்டப் போகிறார். நகராட்சி மேல் தெருக்காரர்களுக்கு மலையடிக் கற்களை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறது. அதற்கு முன்பு, 25ஆம் தேதி, ஜிபெக் அக்கா வந்து செதுக்கல் உள்ள கல்லுக்கெல்லாம் எண் போடுவார். எண் இல்லாதது அடித்தளத்துக்கு.

நான் சத்தியத்தை உடைக்கத்தான் போகிறேன், சைரா. அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை போனேன். முட்புதருக்குப் பக்கத்தில்தானே? நாலு மணிநேரம் தேடினேன், காணோம். எல்லாம் வெறும் கல். எனக்குக் கண் கெட்டுவிட்டதா? பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை அடி, ஓடையிலிருந்து எத்தனை அடி என்று நீதான் எண்ணி வைத்திருக்கிறாய். உடனே எழுதி அனுப்பு. 25க்குள்.

பெர்மெத்

மேய்ச்சல் மலை
19 ஜூலை 2007

பெர்மெத்,

படகுத்துறையில் என்று நீ எழுதியதைப் படித்தேன். எழுதாவிட்டாலும் தெரியும். புதன்கிழமை லாரியிலிருந்து உங்கள் இருவரையும் அங்கே பார்த்தேன். நோட்டு அவள் மடியில் இருந்தது. நான் பின்னிக் கொடுத்த வெள்ளைத் தொப்பி அவள் தலையில் இருந்தது. நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கல்லைக் காணவில்லை என்றால் கேமரா வைத்திருப்பவளைக் கேள். ஏரியின் ஆழமே தெரிந்தவளுக்குக் கல் இருக்கும் இடம் தெரியாதா?

செப்டம்பரில் வந்து நானே காட்டுகிறேன். அதுவரை அது எங்கேயும் ஓடாது.

சைரகான்

சாரிகும்
3 ஆகஸ்ட் 2007

சைரகான்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்காவது ஓரத்தில் அடிக்கணக்கு எழுதியிருப்பாய் என்று தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

25ஆம் தேதி ஜிபெக் அக்கா முப்பத்தொன்பது கல்லுக்கு எண் போட்டார். "அக்கா, இன்னொண்ணு இருக்கு" என்றேன். "எங்கேம்மா?" என்றார். "தெரியல." "என்ன இருக்கு அதுல?" "ஆடு. குட்டியோட." அக்கா வெயிலில் ஒரு மணிநேரம் என்னோடு நடந்தார். அப்புறம் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் டிராக்டர் வந்தது. முட்புதர் இருந்த இடம் இப்போது வெறும் மண். எங்கள் அடித்தளம் முடிந்துவிட்டது. தாதிர் மாமாவுடையதும்.

ஜானெல் போய்விட்டாள். போகும்போது தொப்பியைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். "இது சைரா பின்னினதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல, போட்டிருக்க மாட்டேனே" என்றாள்.

நீ ஏன் எழுதவில்லை? அதை மட்டும் சொல்.

பெர்மெத்

மேய்ச்சல் மலை
7 ஆகஸ்ட் 2007

பெர்மெத்,

உனக்குக் கண் கெடவில்லை. நான்தான் அதை மூடினேன்.

அந்தப் புதன்கிழமை உங்களைப் பார்த்த பிறகு குபாத் அண்ணனிடம், "மாவு ஏத்துங்கண்ணே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனேன். ஓடைக் களிமண்ணில், விற்கக் கொண்டுவந்த சாக்கிலிருந்த கம்பளி மயிரைப் போட்டுக் குழைத்துக் கல் முழுவதும் பூசினேன். அதன் மேல் புழுதியைத் தூவினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். எண் இல்லாதது அடித்தளத்துக்கு என்று உன் கடிதத்தில் படித்த பிறகும், உனக்கு நான் வேண்டியிருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் எழுதவில்லை.

களிமண் காய்ந்த கல் எதுவும் சுவரில் இருக்கிறதா என்று பார். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும்.

சைரா

சாரிகும்
22 ஆகஸ்ட் 2007

சைரகான்,

அப்பாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "படிக்கிற புள்ளைங்க செய்யற வேலையா இது?" என்று கத்தினார். பிறகு அவரே வாளியும் துடைப்பமும் எடுத்துவந்தார். வெளியே தெரிகிற கல் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். வடக்கு மூலையில், நாய்த்தட்டு வைக்கிற இடத்தில் இருக்கிறது. தலைகீழாக. கொம்பு மண்ணைப் பார்க்கிறது. குட்டி இருந்த பக்கம் சிமெண்டுக்குள் போய்விட்டது. உடைத்து எடுத்தால் கல்லும் உடையும், மூலையும் இறங்கும் என்கிறார் அப்பா.

உன் அம்மா ரொட்டி அடுப்புக்குப் பூசுவதுபோலவே பூசியிருக்கிறாய். கோடுகளுக்குள் இன்னும் கம்பளி மயிர் இருக்கிறது. நல்ல வேலை.

ஜிபெக் அக்கா வந்து பார்த்தார். கீழே உட்கார்ந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுச் சுவத்துக்கு நான் எண் போட முடியாதும்மா" என்றார். எழுந்த பிறகு, "ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போன வருஷமே என்கிட்ட வந்திருக்கலாமேடி" என்றார். அதற்கு நீ என்ன சொல்வாய்?

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை எட்டாம் தேதி நான் ஜானெலை அங்கே கூட்டிப்போனேன். ரொட்டியைத் தொட்டுச் செய்த சத்தியம், இருந்தும் காட்டினேன். உன் 'பொறாமைப்படவில்லை' கடிதத்தின் மேல் இருந்த கோபத்தில் காட்டினேன். ஆக, நீ மூடியபோது அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். அவள் பிலிமைக் கழுவி நேற்று ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். ஆடும் தெரிகிறது, குட்டியும் தெரிகிறது. இனி குட்டி இருக்கும் ஒரே இடம் அந்தப் படம்தான்.

படத்தையும் நோட்டையும் இத்துடன் அனுப்புகிறேன். நான்காம் அத்தியாயம் காலியாக இருக்கிறது. நீ எழுது. ஊகித்து எழுதாதே.

பள்ளி திறந்ததும் ஜன்னல் பக்கத்துப் பெஞ்சில் உன்னோடு உட்காருவேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெர்மெத்

மேய்ச்சல் மலை
26 ஆகஸ்ட் 2007

அன்புள்ள பெர்மெத்,

எழுதிவிட்டேன். குபாத் அண்ணன் லாரியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கிறார். "இன்னைக்கும் புவியியலா?" என்றார். "இல்லண்ணே, வரலாறு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.

நோட்டில் உள்ளது இதுதான்:

'நான்காம் அத்தியாயம். எண் போடாத கல். பேருந்து நிலையத்திலிருந்து வடக்கே 1140 அடி நடந்து, ஓடையைத் தாண்டி, இடப்பக்கம் 212 அடி சென்றால் முட்புதர் அருகே இது இருந்தது. ஒரு மலையாடும் குட்டியும் அதில் செதுக்கப்பட்டிருந்தன. 2006 அக்டோபரில் இரு மாணவிகள் கன்று தேடப் போய்க் கண்டார்கள். தங்கள் பெயர் முதலில் வர வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. 2007 ஜூலை 11 அன்று அவர்களில் ஒருத்தி, சைரகான், தன் சிநேகிதி வேறொருத்தியோடு சிரித்ததைப் பொறுக்காமல் கல்லின் மேல் களிமண் பூசினாள். ஆகவே அதற்கு எண் கிடைக்கவில்லை. நகரம் வளர்ந்தபோது அது அடித்தளத்துக்குப் போனது. இன்று மேல் தெருவில் 14ஆம் எண் வீட்டின் வடக்கு மூலையில் தலைகீழாக உள்ளது. குட்டி தெரியாது. அது இருந்ததற்கு ஆதாரம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியுள்ள படம். எடுத்தவர்: ஜானெல், அல்மாத்தி.'

இரண்டாம் முறை படித்தபோது, 'சிரித்ததைப் பொறுக்காமல்' என்பதை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை.

ஏரியின் ஆழம் 668தான். அவள் எழுதிய மை அப்படியே இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் பென்சிலில் இருந்த பெயர்களை அழித்துவிட்டேன். யார் யார் பெயர் அங்கே வர வேண்டும் என்று நீ எழுது. ஒன்றோ, இரண்டோ, மூன்றோ. என் பெயர் இல்லாவிட்டாலும் நோட்டு பத்தாம் தேதிக்குள் போய்ச் சேரட்டும்.

பெஞ்சைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

சைரகான்

பி.கு. மையிலேயே எழுது.