என் மகள் எழுதாத ஆங்கில இலக்கணப் பயிற்சி ஏடு

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் தாய்,
செக்கிங் பிரிவு, ஆயத்த ஆடைத் தொழிற்கூடம்.

பெறுநர்
தொடக்கப் பள்ளி ஆய்வு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆங்கில இலக்கணப் பயிற்சி ஏட்டில் வேறு கை எழுதியிருப்பது – மகளின் முழு மதிப்பெண்ணை ரத்து செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சட்டைகளில் பிசிறும் தையல் விட்ட இடமும் பார்த்து ஒதுக்குவது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்தருளவும்.

1. இடைப்பருவ முடிவில்தான் மகளின் பயிற்சி ஏடு முதல்முறையாக வீட்டுக்கு வந்தது. அதுவரை பள்ளி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மடியில் கனமில்லாதவர்களுக்குப் பூட்டு எதற்கு? நாற்பது பக்கங்களிலும் கோடிட்ட இடங்கள் நிரம்பியிருந்தன. ஒரு தப்பு இல்லை. பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம்.

2. ‘இது ஒரு பந்து’, ‘அவை பூனைகள்’ என்ற அளவு வாக்கியங்கள்தாம். ஒன்றைப் படிக்கச் சொன்னேன். படத்தைக் காட்டி ‘பந்து’ என்று தமிழில் சொன்னாள்.

3. அவள் இடக்கைக்காரி. எழுதிய வரிமேலேயே கை உரசிக்கொண்டு போகும். கணக்கு நோட்டு முழுக்கப் பென்சில் கரி. இந்த ஏடோ சலவைக்குப் போய் வந்தது போல் இருக்கிறது. அம்மை கண்டு அவள் வீட்டில் படுத்திருந்த ஒன்பது நாட்களின் பயிற்சிகளும் தேதியோடு எழுதப்பட்டுள்ளன.

4. வகுப்பாசிரியையைக் கேட்டேன். “பிள்ளை நல்லா எழுதறாள்னு சந்தோஷப்படாம சந்தேகப்படறீங்களேம்மா” என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். மகளைக் கேட்டேன். “ஆபீசர் வர்றதுக்குள்ள புக் முடியணும்மா. நான் எழுதினா அழுக்காயிடும்னு மிஸ்ஸே எழுதிடுவாங்க. நான் படத்துக்கு கலர் அடிப்பேன்” என்றாள். பெருமையாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை ஐயா.

5. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் ஆசிரியை ஒருவர்தானா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அம்மை நாளொன்றின் தேதியிட்ட இருபத்தோராம் பக்கத்தில் ‘சிறப்பு’ என்று எழுதிப் பச்சை மையில் கையெழுத்திட்டிருப்பவர் தாங்கள். குற்றம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் பெட்டியை மட்டும் எண்ணிவிட்டு, சட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பினால் என் வேலை போய்விடும்.

6. ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் திங்கள் முதல் மாலை வகுப்பு நடக்கவிருக்கிறது. முழு மதிப்பெண் வாங்கியவளுக்கு அதில் இடமில்லையாம். வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள்.

ஆகவே அந்த மதிப்பெண்ணை ரத்து செய்து, வெள்ளிக்குள் அவளைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். ஆசிரியையைத் தண்டிக்கக் கேட்கவில்லை. இந்த மனுவால் வரும் கோபம் பிள்ளைமேல் திரும்பாமல் பார்த்துக்கொள்ளவும். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது.

நேற்று வீட்டில் ஏட்டிலுள்ள பத்து வாக்கியங்களைக் கோடிட்ட இடம் விட்டுக் கொடுத்து அவளையே எழுதச் சொன்னேன். “நான் எழுதினா கெட்டுடும்மா” என்று பென்சிலைத் தொடவே மறுத்தாள். கெஞ்சி எழுத வைத்த அந்தத் தாளை இணைத்துள்ளேன். ஏட்டை வைத்துச் சரிபார்த்ததில் பத்தில் ஏழு தப்பு. ஏன் தப்பு என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர் பக்கத்தில் அவளை உட்கார வையுங்கள்.

இடம்: தொழிற்கூட உணவறை
நாள்: ஆகஸ்ட் 14, புதன்

பணிவும் ஐயமும் மாறாத,
மாணவியின் தாய்
(கையொப்பம்)