எழுத்திலை தாங்கோ, ஐயா

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு புதினம் சொல்ல எழுதுகிறேன். உங்கள் மகள் நடுத்தீர்ப்பாளர் ஆகிவிட்டாள்.

கட்டடக் கணக்குப் பார்க்கிறவளுக்கு இதென்ன புது வேலை என்கிறீர்களா? கட்டினவரும் கட்டுவித்தவரும் பிணக்குப்பட்டால், கோட்டுக்குப் போகாமல், இருவரும் சம்மதித்து ஒருவரிடம் வழக்கை ஒப்படைப்பார்கள். அவருடைய தீர்ப்பு இருவரையும் கட்டும். அந்த ஒருவராவதற்காக இரண்டு வருஷம் கொழும்புக்கு பஸ்ஸில் அலைந்து படித்தேன். ஐம்பது வயதில் ஏனடி என்று சின்னம்மா கேட்டா. வீம்புக்குத்தான் என்றேன்.

முதல் தடவை செய்முறைப் பரீட்சையில் தவறினேன். ஒரு பாவனை விசாரணை நடத்தவேண்டும். சாட்சியாக நடித்தவள் எங்கள் ஊர்த் தமிழில் கதைத்தாள். உடனே என் வாய் கேட்டுவிட்டது: "பிள்ளை எவடம்? ஆற்றை மகள்?"

பரீட்சகர் பேனையைக் கீழே வைத்தார். "அதை அறிஞ்சு தீர்ப்பிலை என்ன செய்யப்போறீங்கள்?"

ஊரையும் தகப்பனையும் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா, அப்பா? நீங்கள் எந்த வீட்டுக்கு மேசன் வேலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். "ரவுண் பக்கம்" என்று பட்டணத்தைச் சொல்லி மழுப்பப் பார்ப்பீர்கள். விடமாட்டார்கள். எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்பது வரை கேட்டறிந்தபிறகு உங்கள் தேத்தண்ணி வீட்டுக்காரர் குடிக்காத வேறு தகரப் பேணியில் வரும். அதை வாங்கும்போது என்ன நினைத்தீர்கள்? ஒருநாளும் சொல்லவில்லையே. பக்கத்தில் நின்று பார்த்த நானே அந்தக் கேள்வியைக் கேட்டேன். வெட்கத்தில், திரும்பும் பஸ்ஸில் வவுனியா வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன்.

மறுபடி போய்ச் சித்தியடைந்தேன். போன மாதம் என் முதல் விசாரணை. வழக்கு என்னவென்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். அது இரகசியம், செத்தவர்களுக்கு விலக்கு இல்லை. இரு தரப்போடும் எனக்கு உறவோ தொழில் தொடர்போ இல்லையென்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும், நான் கதிரையில் இருந்த கையோடு ஒரு தரப்புப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்தபடி தொடங்கினார்.

"பிள்ளை எவடம்? தகப்பன் ஆர்?"

"தொண்டைமானாறு, ஐயா. மேசன் கந்தையாவின்ரை மூத்த மகள்." ஒழுங்கையின் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. "உதாலை நான் இந்த வழக்கைக் கேக்கக்கூடாதெண்டால், ஆட்சேபனையைக் காரணத்தோடை எழுத்திலை தாங்கோ. அரை மணித்தியாலம் தாறன்." ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சும்மா ஒரு அறிமுகத்துக்குத்தான் கேட்டனான்."

"ஓம் ஐயா. நான் இருக்கிறன்."

அரை மணித்தியாலமும் அசையாமல் இருந்தேன். அவருடைய சட்டத்தரணி காதுக்குள் ஏதோ குசுகுசுத்தார். பெரியவர் பேனையைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். உங்களிடம் அத்தனை பேர் கூசாமல் கேட்ட கேள்வி, அதன் காரணத்தை ஒரு வரி எழுத அவரால் முடியவில்லை. நேரம் முடிந்ததும் வெறுந்தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். "ஆட்சேபனை இல்லை" என்று பதிந்துவிட்டு விசாரணையைத் தொடங்கினேன்.

"ஏன் பிள்ளை வில்லங்கம்?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். வில்லங்கம் இதோடு முடியவில்லை, அப்பா. இனித்தான் கஷ்டமான வேலை இருக்கிறது. எனக்கு அந்த மனிசன்மேல் கோபம், நல்ல கோபம். ஆனால் சாட்சியங்களைப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்போலத் தெரிகிறது.

இருந்தால் அவருக்கே தீர்ப்பு எழுதுவேன். இது உங்கள்மேல் சத்தியம். மேசன் கந்தையாவின் மகளிடம்தான் தனக்கு நியாயம் கிடைத்தது என்பதை அவர் உயிரோடு இருக்குமட்டும் சுமக்கட்டும்.

உங்கள் மூத்தவள்,
கந்தையா சுகந்தி