நாயைக் கடித்தவன் பெயரைத் தேர்வுப் பட்டியலில் திரும்பச் சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்:
த. எழிலன்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
வெள்ளாறு நற்கல்வி மெட்ரிக் மேல்நிலைப் பள்ளி,
சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அவர்கள்,
கடலூர்.

பொருள்: ஆங்கிலத்தில் தவறியதாகக் கூறி உடன்படிக்கும் மாணவன் பூவரசனைப் பள்ளியை விட்டு அனுப்பியது, அவன் தவறியதற்கு மனுதாரரே காரணம் என்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் கொடுப்பவர் பாதிக்கப்பட்டவராக இருப்பது வழக்கம். நான் அப்படியில்லை. ஆங்கிலத்தில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவன். குற்றவாளிப் பட்டியலிலும் முதலிடம்தான்.

2. அரையாண்டு ஆங்கிலத் தேர்வுக்கு முதல் நாள், கிள்ளைப் பேருந்தில் பூவரசன் கேட்டான்: “மச்சான், ரெண்டு வார்த்தைய ஒட்டுறாங்களே, அதுல எதுக்கு ஐஎன்ஜி, எதுக்கு ஈடி?” ஒருவர் செயலைச் செய்தால் ஐஎன்ஜி, செயல் அவர்மீது நடந்திருந்தால் ஈடி போன்ற இறந்தகால எச்ச வடிவம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொன்னது: “உயிரு இருந்தா ஐஎன்ஜி, இல்லன்னா ஈடி. அவ்ளோதான்டா.” அவன் அதை உள்ளங்கையில் எழுதி, இறங்கும்வரை மனப்பாடம் செய்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

3. நாய் கடித்த மனிதனுக்கு ‘டாக்-பிட்டன் மேன்’ என்று எழுத வேண்டும். மனிதனுக்குத்தான் உயிர் இருக்கிறதே! பூவரசன் ‘டாக்-பைட்டிங் மேன்’ என்று எழுதினான். அதாவது, நாயைக் கடிக்கிற மனிதன். இப்படி எட்டு மதிப்பெண் போய், மொத்தம் இருபத்தொன்பதில் நின்றான். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து.

4. ஆங்கில ஆசிரியர் திரு. நடனசபாபதி அந்த விடையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார். “எங்க, நாயி எப்படிக் கத்துச்சின்னு செஞ்சு காட்டு” என்றார். பூவரசன் தலைகுனிந்து நின்றான். பின்வரிசையிலிருந்து ஒரு குரைப்புச் சத்தம் வந்தது. அது நான். அதற்குப் பிறகு பள்ளியே குரைத்தது.

5. பொங்கல் விடுமுறை முடிந்ததும், பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி கெடும் என்று அவன் தாயார் சின்னப்பிள்ளையை வரவழைத்தார்கள். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்தார். மைப்பெட்டி எடுத்துவர என்னை அனுப்பினார் ஆசிரியர். நான் திரும்பி வந்ததும், ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை அந்த அம்மா என்னிடம் நீட்டி, “இதுல என்னா தம்பி போட்டுருக்குது?” என்று கேட்டார். ‘சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கோருகிறேன்’ என்றிருந்தது. ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “லீவு லெட்டருதாம்மா” என்றேன். உடனே கைநாட்டு வைத்தார். எனக்கு நன்றியும் சொன்னார்.

6. மறுநாள் முதல்வரிடம் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து ஒப்புக்கொண்டேன். “பேரை எடுத்தாச்சு. ஒனக்கு மார்க் வருதில்ல? வாய மூடிக்கிட்டுப் படி” என்றார். எனக்குத் தண்டனைகூடத் தரவில்லை ஐயா.

7. பூவரசன் இப்போது முடசலோடை மீன்பிடித் துறையில் ஐஸ் பெட்டி சுமக்கிறான். உண்மையைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போனேன். வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான்: “நீ சரியாத்தான் சொல்லிக் குடுத்த மச்சான். எனக்குத்தான் மண்டையில ஏறல.” தேநீரும் வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

8. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் இம்மாதம் 31-ஆம் தேதி பள்ளியிலிருந்து போய்விடும். பொய் சொல்லி வாங்கிய கைநாட்டு செல்லாது என்று அறிவித்து, அதற்குள் பூவரசன் பெயரைச் சேர்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பொய் சொன்னவனே சாட்சி; வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. என் மீதும் நடவடிக்கை எடுங்கள். விசாரணைக்கு அவனையும் அவன் தாயாரையும் தவறாமல் அழையுங்கள். அவர்கள் முன்னால் தாங்கள் கேட்டால், நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர்களிடம் நானாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இடம்: சிதம்பரம்
நாள்: 27.01.2025

இப்படிக்கு,
உண்மையை எழுத்தில் மட்டும் சொல்லத் தெரிந்த,
த. எழிலன்