அழுதால் அதிரும் பட்டை

என் பட்டுக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவர்தானே இதை உனக்கு வாசிப்பார்.

இந்தச் சின்னக் கம்பெனியில், என்னைப் போலக் காது கேட்காத தாய்மாருக்குக் கைப்பட்டை செய்கிறோம். பிள்ளை அழுதால் அது கையில் அதிரும். நாளை நிதி கொடுப்பவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான்தான் கட்டிக் காட்ட வேண்டும்.

"பயப்படாதீங்கக்கா. அதிர்ந்தா கையைத் தூக்குங்க, போதும். நிதி கிடைக்கலைன்னா நானும் உங்களோட சேர்ந்து வேலை தேட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. அவர் வாயசைவைப் பார்த்துச் சிரித்தேன்.

இன்று ஒத்திகை. பட்டை அதிர்ந்ததும் கையைத் தூக்க மறந்து, பக்கத்து அறைக்கு ஓடிவிட்டேன். அங்கே ஒரு போன்தான் இருந்தது. பிள்ளை அழும் சத்தத்தை அதில் போட்டிருந்தார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். நாளை ஓடாமல் நிற்பேனா என்றுதான் பயம்.

நீ போர்த்தியிருந்த கம்பளியை அனுப்ப அப்பாவிடம் சொல். துவைக்க வேண்டாம் என்றும் சொல்.

தபால் எடுப்பவர் வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். கண்ணு, காய்ச்சலில் கிடந்த அந்தக் கடைசி நாள், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்ற என்னை எத்தனை தடவை கூப்பிட்டாய்?